கண்மாய்க்கு மேலே போகும் கம்பி

மதுரையில் பழங்காநத்தத்தைத் தாண்டித் திருப்பரங்குன்றம் போகிற சாலையில் பைக்காரா என்று ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. உண்மையான பைக்காரா நீலகிரியில் இருக்கிறது; அது ஓர் ஆறு. அந்த ஆற்றுத் தண்ணீரைக் குழாய் வழியே மூவாயிரம் அடிக்கு மேல் இறக்கி, 1932-இல் மின்சாரம் எடுத்தார்கள். சென்னை மாகாண அரசாங்கம் தானே கட்டிய முதல் பெரிய நீர்மின் நிலையம் அதுதான். கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளை ஓட்டிய அந்த மின்சாரம் 1930-களின் நடுவில் சமவெளியைக் கடந்து மதுரைக்கும் வந்தது. அது வந்து இறங்கிய துணைமின் நிலையத்தை ஜனங்கள் பைக்காரா என்றார்கள். பிறகு அந்தப் பகுதியே பைக்காரா ஆகிவிட்டது. டவுன் பஸ் கண்டக்டர் இன்றைக்கும், "பைக்காராலாம் முன்னாடி வா" என்று சத்தம் போடுகிறார்.

நான் ஆரப்பாளையத்துக்காரன். 1970-களின் கடைசியில் ஹெல்பராகக் கம்பத்தில் ஏற ஆரம்பித்து, வயர்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். பதவி ஏற ஏறக் கம்பத்தை விட்டு இறங்குவதுதான் எங்கள் தொழில். மின்சாரம் வந்த கதையை எழுதியவர்கள் அணை, எந்திரம், அமைச்சர், திறப்பு விழா என்று எழுதியிருக்கிறார்கள். கம்பி எந்த வழியாக வந்தது, யார் தலைக்கு மேலே போனது என்பதை எழுதியவர்கள் குறைவு. எங்கள் பக்கத்தில் அதற்குப் பதில் எளிது. அது கண்மாய் வழியாக வந்தது. கண்மாயில் இருந்தவர்கள் தலைக்கு மேலே போனது. கண்மாயில் அதிகம் இருந்தவை கொக்கும் நாரையும்தான்.

மதுரைச் சமவெளி கண்மாய்களால் ஆனது. மாடக்குளம், நிலையூர், வண்டியூர், தென்கால், சாமநத்தம் என்று நகரத்தைச் சுற்றி வரிசையாக இருக்கின்றன. மேலூர்ப் பக்கம் போனால் ஒரு கண்மாயின் கலுங்கு வழிந்து அடுத்த கண்மாயின் வரத்துக்காலில் விழும். 1895-இல் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகையில் சேர்ந்து, பேரணையிலிருந்து பெரிய வாய்க்காலில் ஓடி, இந்தக் கண்மாய்களில் பாதியை நிரப்புகிறது. 1950-களின் கடைசியில் லோயர் கேம்ப்பில் மின் நிலையம் கட்டியபோது, அதே தண்ணீர் மலையிலிருந்து இறங்கும் இடத்தில் எந்திரத்தைச் சுற்ற வைத்தார்கள். ஆக, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு வருகிற தண்ணீர்தான் மேலூர்க் கண்மாயில் நாரைக்கு மீன் கொடுக்கிறது. மின்சாரம் கம்பியில் வருகிறது, தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. இரண்டும் ஒரே மலையில் கிளம்பி ஒரே கண்மாயில் சந்தித்துக்கொள்கின்றன. கண்மாய்க்குள் கம்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

கம்பி ஏன் கண்மாய்க்குள் போகிறது? லைன் அளக்கப் போன யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பட்டா நிலத்தில் கம்பம் நட்டால் சண்டை. "என் வயல்ல எதுக்குய்யா குழி தோண்டுற, அந்தாண்ட போ" என்று ஒரு பெரியவர் மண்வெட்டியோடு வருவார். அந்தாண்ட போனால் அவருடைய பங்காளி நிற்பார். கண்மாய் புறம்போக்கு, அங்கே மண்வெட்டியோடு வர யாரும் இல்லை. கரையை ஒட்டி வண்டி போகும், கம்பம் இறக்கலாம், உள்வாயில் வெயில் காலத்தில் தரை காய்ந்து கிடக்கும். நேர்க்கோடாகப் போனால் கம்பியும் மிச்சம். இதில் சதி எதுவும் இல்லை. எதிர்ப்பு இல்லாத பக்கமாக லைன் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

சட்டமும் அதற்குத் தோதாக இருந்தது. தந்திக் கம்பி போடுவதற்காக 1885-இல் வெள்ளைக்காரர் போட்ட தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைத்தான் இன்றைக்கும் பெரிய மின்பாதைகளுக்குக் கொடுக்கிறார்கள். 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. நிலத்தை விலைக்கு வாங்க வேண்டாம். பயிருக்கும் மரத்துக்கும் நஷ்டஈடு கொடுத்தால் போதும். பல ஊர்களில் விவசாயிகள் கோபுரத்துக்கு எதிராகப் போராடிய பிறகுதான், 2015-இல் மத்திய மின்துறை ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது: கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 15 சதவீதம் வரை. விவசாயிக்கு அது நியாயம். ஆனால் பட்டா நிலத்தின் விலை ஏற ஏற, புறம்போக்கின் கவர்ச்சியும் ஏறும் என்பதை அன்றைக்கு யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. நாரைக்குப் பட்டா கிடையாது.

உயர் அழுத்தக் கோபுரம் ஒரு கதை என்றால், சின்னக் கம்பங்களின் கதை இன்னும் பெரிது. 1957 ஜூலை 1-இல் மின்வாரியம் உருவானது. காமராஜர் காலத்தில் கிராமம் கிராமமாக விளக்கு வந்தது. விளக்கோடு பம்புசெட்டும் வந்தது. தமிழ்நாட்டின் மின் வரலாற்றில் பம்புசெட்டுக்கு இருக்கும் இடம் வேறு எந்த மாநிலத்திலும் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை என்று எங்கள் பழைய போர்மேன் பெருமையாகச் சொல்வார். 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. 1989-இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் ஆக்கியது. எங்கள் வேலை கிணறு கிணறாகப் போனது. கிணறு எங்கே இருக்கும்? கண்மாய் ஆயக்கட்டில், கரைக்குக் கீழே ஊற்று இருக்கும் இடத்தில். ஆகவே பதினோராயிரம் வோல்ட் கம்பி கண்மாய்க்கரை ஏறி இறங்கியது. அதன் முனையில் ஒரு டிரான்ஸ்பார்மர். அதிலிருந்து கிணறுகளுக்கு நாலு கம்பி. அந்தக் கம்பிகளால் வயல் விளைந்தது, வீடு பிழைத்தது. அதை மறந்துவிட்டுப் பறவையைப் பற்றி மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.

இனி, பறவை எப்படிச் சாகிறது என்பது. இதை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

கம்பியில் காக்கா உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஒரே கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் உடம்பு வழியாகப் போக வழி இல்லை. ஆபத்து கம்பத்தின் உச்சியில். பதினோராயிரம் வோல்ட் கம்பத்தில் இரும்புக் கிராஸ் ஆர்ம் இருக்கும். அதன் மேல் பீங்கான் இன்சுலேட்டர். அதன் தலையில் கம்பி. இரும்புக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு அடி இருந்தால் அதிகம். எங்கள் பாதுகாப்புக்காக அந்த இரும்பை எர்த் செய்திருப்போம். கொக்கு மாதிரி சின்ன உடம்பு தப்பிவிடும். மயிலும் நாரையும் தப்பாது. கால் இரும்பில், இறக்கை கம்பியில். அல்லது விரித்த இறக்கை இரண்டு கம்பிக்கும் பாலமாகிவிடும். ராத்திரி மழையில் நனைந்த இறக்கை என்றால் சொல்லவே வேண்டாம். அமெரிக்கா மாதிரி மரக்கம்பம் நட்ட தேசங்களில் இந்த ஆபத்து கொஞ்சம் குறைவு. காங்கிரீட் கம்பமும் எர்த் செய்த இரும்பும் நட்ட நம்மைப் போன்ற தேசங்களில் அதிகம். மனிதனைக் காப்பாற்ற வைத்த எர்த் பறவைக்கு எமன் ஆனது யார் குற்றமும் இல்லை. ஆனால் அது தெரிந்த பிறகும் அப்படியே விடுவது குற்றம்தான்.

டிரான்ஸ்பார்மர் இன்னும் மோசம். இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஏபி சுவிட்ச், எச்.ஜி. ப்யூஸ், லைட்னிங் அரெஸ்டர், புஷ்ஷிங் எல்லாம் நெருக்கமாக இருக்கும்; அவற்றை இணைக்கும் ஜம்பர் கம்பிகள் உறையில்லாமல் வளைந்து தொங்கும். அணில்கூட இரண்டு உலோகத்தைத் தொட்டுவிடும். வெட்டவெளியில் உயரமான இடம் அதுதான் என்பதால் மயில் அங்கேதான் ஏறும். பனைமரங்கள் வெட்டப்பட்ட ஊர்களில் மயிலுக்கும் பருந்துக்கும் பனங்காடைக்கும் கம்பம்தான் மிச்சம்.

ஒரு ஐப்பசி ராத்திரி. சப்ஸ்டேஷனில் ஃபீடர், அதாவது அங்கிருந்து கிளம்பும் பதினோராயிரம் வோல்ட் லைன், ட்ரிப் ஆனது. எர்த் ஃபால்ட். ஆபரேட்டர் ஒரு தடவை ட்ரையல் கொடுத்தார், நிற்கவில்லை. டார்ச்சும் கொம்பும் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் கண்மாய்க்கரை மேலே கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே போனோம். டிரான்ஸ்பார்மருக்குக் கீழே மயில் கிடந்தது. ஆண் மயில்; ஒரு பக்க இறக்கை நுனி மட்டும் கருகியிருந்தது, மற்றபடி தூங்குவது போல. கூட வந்த பையன், "அண்ணே, தோகைய எடுத்துக்கலாமா?" என்றான். "கைய வச்சுராதடா, பாரஸ்ட்காரவுக வரட்டும்" என்றேன். மயில் 1963-லிருந்து தேசியப் பறவை. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது. வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் வந்து, கால்நடை டாக்டர் பிரேதப் பரிசோதனை செய்து, பிறகு புதைப்பார்கள். அதுவரை அதற்குக் காவல் இருப்பதும் எங்கள் வேலைதான். விடிகிற வரை ஊருக்குக் கரண்ட் இல்லை. காலையில் டீக்கடையில் எங்களுக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லத் தேவையில்லை.

எந்த ஊர் சப்ஸ்டேஷனாக இருந்தாலும் ஒரு லாக் புக் இருக்கும். ஃபீடர் எப்போது போனது, எப்போது வந்தது, என்ன காரணம் என்று எழுத வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் இந்த மாதிரி ராத்திரிகளுக்கு எழுதுவது இரண்டே சொல்: பேர்ட் ஃபால்ட். நாரையா, மயிலா, ஆந்தையா என்று இருக்காது. எந்தக் கம்பம் என்பதும் பெரும்பாலும் இருக்காது. எத்தனை நிமிஷம் கரண்ட் போனது என்பது மட்டும் சுத்தமாக இருக்கும். தமிழ்நாட்டில் கம்பியில் செத்த பறவைகளின் வரலாறு என்று யாராவது எழுத வந்தால், அவர்களுக்கு இருக்கும் ஒரே பெரிய ஆவணம் இந்த லாக் புக்தான். அதிலும் பறவையின் பெயர் கிடையாது.

செத்து விழும் இன்னொரு விதத்தில் ஃபீடர் ட்ரிப்கூட ஆகாது. அது மோதல். பெரிய கோபுரங்களில் மின்சாரம் போகும் கம்பிகள் தடிமனாக, சில இடங்களில் கொத்தாக இருக்கும், பறவைக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் உச்சியில் இடிக்காகப் போடும் எர்த் கம்பி மட்டும் மெல்லியது. தடித்த கம்பியைப் பார்த்து மேலே எழும்பும் பறவை மெல்லிய கம்பியில் போய் மோதும். அதுவும் விடியலிலும் அந்தியிலும், கருவேல மரத்துக் கூட்டிலிருந்து தண்ணீருக்கும் தண்ணீரிலிருந்து கூட்டுக்கும் போகிற நேரத்தில். நாரை, கொக்கு, கானமயில் வகைகளுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. இரை தேடித் தலையைக் குனிந்து பறக்கும்போது நேர் முன்னால் இருப்பது அவற்றுக்குத் தெரியாது என்று பார்வையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மோதி விழுந்ததை விடிவதற்குள் நாயும் நரியும் தூக்கிப்போய்விடும். கணக்கு எங்கே இருக்கும்?

இது இன்று நேற்றுத் தொடங்கியது இல்லை. கம்பியில் மின்சாரம் போவதற்கு முன்பே, வெறும் தந்திக் கம்பியிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் எலியட் கூஸ் என்ற பறவையியலாளர், மேற்குப் புல்வெளியில் தந்திக் கம்பிக்குக் கீழே வானம்பாடிகள் செத்துக் கிடப்பதைப் பார்த்து 1876-இல் கட்டுரை எழுதினார். அதற்கு ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து அதே நாட்டின் ஐடஹோ மாநிலத்தில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த கதை. கழுகுகள் கம்பத்தில் கருகிச் செத்துக்கொண்டிருந்தன. மோர்லி நெல்சன் என்று வேட்டைப் பறவைகளைப் பழக்குகிற ஒருவர். அவரை மின் நிறுவனம் கூப்பிட்டது. மின்சாரம் இல்லாத மாதிரிக் கம்பங்களை நட்டு, தான் பழக்கிய கழுகுகளை அதில் வந்து இறங்க வைத்து, எந்த இடத்தில் கால் வைக்கிறது, இறக்கை எதைத் தொடுகிறது என்று படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை வைத்துக் கம்பத்தின் அமைப்பை மாற்றினார்கள். எந்தெந்தக் கம்பத்தில் அடிக்கடி சாகிறது என்று பார்த்தபோது, எல்லாக் கம்பமும் கொல்வதில்லை, சில கம்பங்களே திரும்பத் திரும்பக் கொல்கின்றன என்பதும் தெரிந்தது. லைன்மேனுக்கு இது புதிதல்ல. "அந்தக் கண்மாய்முனை டிரான்ஸ்பார்மரா? அது ராசியில்லாதது" என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

நம் நாட்டில் இந்த விவகாரம் பெரிதானது ராஜஸ்தானில். கானமயில் ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட காடுகளிலும் இருந்த பறவை. இப்போது மொத்தமாக நூற்றைம்பது போலத்தான் மிச்சம், அதிலும் பெரும்பகுதி ஜெய்சல்மேர்ப் பக்கம். சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் அதே பாலைவனத்தில் வந்தன. 4,200 சதுர கிலோமீட்டரில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் மின்கம்பியால் சாகின்றன என்று இந்திய வன உயிரின நிறுவனம் மதிப்பிட்டது. எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில் 2021 ஏப்ரல் 19-இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது. கட்டுப்பாடு விழுந்த பரப்பு சுமார் 99,000 சதுர கிலோமீட்டர். மூன்று வருஷம் கழித்து, 2024 மார்ச் 21-இல், அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று அதே நீதிமன்றம் உத்தரவைத் திருத்தி, நிபுணர் குழு ஒன்றை அமைத்து, முக்கியப் பரப்பாக 13,163 சதுர கிலோமீட்டரில் கவனம் வைக்கச் சொன்னது. பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவதும் குடிமக்களின் உரிமை என்றது அந்தத் தீர்ப்பில்தான்.

கம்பி வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டாவது உத்தரவு சொன்னதில் நியாயம் இருக்கிறது. 400 கிலோவோல்ட் கம்பியை மைல் கணக்கில் பூமிக்குள் புதைப்பது சும்மா இல்லை. செலவு பல மடங்கு, பழுது வந்தால் தேடித் தோண்ட வேண்டும். எர்த் கம்பியில் மின்னுகிற தகடுகளைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பகலில் பலன் தருகிறது, காற்றில் உதிர்ந்தால் மறுபடி மாட்ட ஆள் வேண்டும். ஆனால் பதினோராயிரம் வோல்ட் ஜம்பருக்கு பிவிசி உறை போடுவதும், புஷ்ஷிங்குக்கு மூடி போடுவதும் ஒரு மாதாந்திர ஷட்டவுனில் முடிகிற வேலை. பெரிய செலவை முன்னால் வைத்துப் பேசிக்கொண்டே, சின்னச் செலவையும் செய்யாமல் இருப்பது ஒரு கெட்டிக்காரத்தனம்.

"கம்பிய நகட்ட முடியாது சார்" என்று எங்கள் ஆட்கள் சொல்வது உண்டு. நானே கேட்டிருக்கிறேன். மதுரையில் பிறந்தவன் அதை நம்பக்கூடாது. சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் மின்சாரத்தை நிறுத்தி, குறுக்கே போகிற கம்பிகளைக் கழற்றி, தேர் நகர நகர முன்னால் போய், தேர் நிலைக்கு வந்த பிறகு மறுபடி இழுத்துக் கட்டுவது எங்கள் தொழிலில் ஒரு பழைய வழக்கம். தேர் எவ்வளவு உயரம் என்பதுதான் கம்பியின் உயரம். தேருக்காகக் கம்பி இறங்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தஞ்சாவூர் களிமேட்டில் பார்த்தோம்; 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் அப்பர் சப்பரம் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் போனார்கள்.

ஆரப்பாளையத்துக்கு ஆவணி மூலத் திருவிழாவில் ஒரு நாள் சொந்தம். வைகைக் கரையில் எங்கள் புட்டுத்தோப்புக்கு மீனாட்சியும் சொக்கரும் எழுந்தருளி, புட்டுக்கு மண் சுமந்த லீலை நடக்கும். அன்றைக்கும் பாதையில் தாழ்ந்த கம்பி எது என்று முதல் நாளே பார்த்து வைப்போம். எல்லோருக்கும் தெரிந்த லீலை அது. ஆனால் அந்தத் திருவிழாவின் முதல் நாள் லீலை கருங்குருவிக்கு உபதேசம் செய்தது; இரண்டாம் நாள் நாரைக்கு மோட்சம் கொடுத்தது. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடலில் ராஜாக்களுக்கும் புலவர்களுக்கும் நடுவில் இந்த இரண்டு பறவைகளும் இருக்கின்றன. மீன் தின்ன வந்த நாரை மனம் திருந்தி, பொற்றாமரைக் குளத்தில் இனி மீனே இருக்கக்கூடாது, என் இனம் பாவம் செய்யக்கூடாது என்று வரம் கேட்டதாம். அந்த வரம் இப்போது மதுரையின் பாதிக் கண்மாய்களுக்குப் பலித்துவிட்டது. சாக்கடை கலந்து மீன் இல்லை. சொக்கர் கொடுத்த வரம் அதுவாக இருக்காது.

விட்டுக்கொடுக்கிற பழக்கம் சாமிக்கு மட்டும் என்றும் இல்லை. மதுரைக்குக் கிழக்கே, திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி. 1977-இல் சரணாலயம் ஆனது. ஆனால் அதற்கு முன்பிருந்தே கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு மத்தாப்பும் இனிப்பும்தான். கரண்ட் விஷயத்தில் இதைவிட நெருக்கமான உதாரணம் அதே சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி. 2020-இல், ஊரடங்குக் காலத்தில், தெருவிளக்குகளைப் போடும் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னக் குருவி கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. விளக்குப் போடுகிற இளைஞர் அதைப் பார்த்து ஊரில் சொன்னார். ஊர் கூடிப் பேசி, பெட்டிக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தியது. குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை, ஒரு மாதத்துக்கு மேல், தெரு இருட்டு. முதலில் முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள் என்று பத்திரிகையில் படித்தேன், இருக்கத்தானே செய்வார்கள். பாம்பு நடமாடும் ஊர்த் தெருவில் ஒரு மாதம் விளக்கில்லாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. அந்த ஊருக்கு எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடவில்லை.

இதை வைத்து, எல்லா ஊரும் இருட்டில் இருக்கட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கம்பி இன்னும் வரத்தான் போகிறது. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்பூங்கா வந்தது. தேனிப் பக்கம் காற்றாலை மின்சாரத்தை எடுத்துப்போகத் தப்பகுண்டுவில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் வந்தது. நிலக்கரிப் புகையைக் குறைக்க வேண்டும் என்றால் வெயிலும் காற்றும் இருக்கிற தெற்கிலிருந்து மின்சாரம் வடக்கே போக வேண்டும். நடுவில் இருப்பது மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் கண்மாய்கள். பறவைகள் வடகிழக்குப் பருவமழையோடு வருவது அதே கண்மாய்களுக்கு. 2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் மின்பாதை கிடையாது. வனநிலத்தில் போனால் அனுமதி வேண்டும். கண்மாய் வனநிலம் இல்லை. சரணாலயம் என்று அறிவித்த இடத்துக்காவது ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. சாமநத்தம் கண்மாயைச் சரணாலயமாக்கச் சொல்லிப் பறவை ஆர்வலர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அரிட்டாபட்டி மலை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. வல்லூறும் ராசாளியும் இருக்கும் அந்த மலையை டங்ஸ்டன் சுரங்கத்திடமிருந்து மீட்க ஜனங்கள் தெருவில் இறங்கி, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. சுரங்கம் கண்ணுக்குத் தெரிகிற எதிரி, கூட்டம் சேரும். ஜம்பர் கம்பிக்கு எதிராக யார் ஊர்வலம் போவார்கள்?

ஊர்வலம் தேவையில்லை. கம்பி வேலை தெரிந்தவனாக நான் கேட்பது கொஞ்சம்தான். லாக் புக்கில் காரணம் எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் பறவையின் பெயரும் கம்பத்தின் எண்ணும் எழுத இன்னொரு கட்டம் போடட்டும். இரண்டு மழைக்காலம் எழுதினால் ராசியில்லாத கம்பங்கள் எவை என்று தானே தெரிந்துவிடும். அவற்றுக்கு மட்டும் முதலில் உறை போடலாம். மயில் காப்பாற்றப்படுவதோடு ஃபீடரும் ட்ரிப் ஆகாமல் நிற்கும், லைன்மேனும் ராத்திரி தூங்குவான். புது லைன் அளக்கும்போது உள்வாயின் குறுக்கே போகாமல் கரைக்கு வெளிப்பக்கமாக, மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் விழாமல் கோடு போடட்டும். இரண்டு கம்பம் கூடுதலாகும். தேருக்காகக் கழற்றி மாட்டும் செலவைவிட அது குறைவு.

உங்கள் ஊர்க் கண்மாயில் இருக்கும் கம்பத்துக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் எண் எழுதியிருக்கும். பறவை செத்து விழுந்தால் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் நவம்பர் 1-இல் நடப்பது நாரைகள் வந்து இறங்கும் காலத்தில். அன்றைக்கு எண்ணோடு தீர்மானம் எழுதி, ஒரு நகலைச் செக்ஷன் ஆபீசில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "பறவைகளைக் காப்பாற்றுங்கள்" என்று பொதுவாக எழுதின மனு கட்டோடு கட்டாகப் போய்விடும். கம்ப எண் போட்ட மனுவுக்கு ஆள் அனுப்பித்தான் ஆக வேண்டும்.